மே மாதம் யாருக்கு விடுமுறை?

ஏப்ரல் பிறந்ததும் வாட்சப் குழுக்களில் கோடை முகாம் அழைப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. நீச்சல், கராத்தே, ரோபோட்டிக்ஸ் வரிசையில் இப்போது ஆர்க்கெஸ்ட்ரா பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் திருவிழா மேடையில் இரவு பத்து மணிக்கு மேல் சினிமாப் பாட்டு பாடும் மெல்லிசைக் குழு. நான் சொல்வது அதையல்ல. வயலின், செல்லோ, புல்லாங்குழல், டிரம்பெட் என்று இருபது, முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் கையசைவுக்கு வாசிக்கும் குழு. கர்நாடக சங்கீதம் படிக்கிறவர்கள், பியானோ கிரேடு முடித்தவர்கள், கிடாரில் சினிமாப் பாட்டு வாசிக்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்து மூன்று வாரம் பயிற்சி கொடுத்து, கடைசி நாள் ஓர் அரங்கில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். சில முகாம்களில் கட்டணமும் இல்லை. 'எல்லா இசையும் ஒரே மேடையில்' என்பது அழைப்பிதழ் வாசகம்.

'இதில் என்ன தோழர் குறை?' என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். செம்மை இசை ஒருபக்கம், வெகுமக்கள் இசை ஒருபக்கம் என்ற சுவரை இடிக்கும் எதையும் நாம் வரவேற்க வேண்டும். சேர்ந்து வாசிப்பது நல்ல பயிற்சி. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே தன் பங்கை வாசிக்கும் பழக்கத்தைத் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்து பெற முடியாது. ஆனால் சுவர் இடிந்ததா, அல்லது சுவரில் ஒரு சன்னல் மட்டும் வைத்தார்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் அழைப்பிதழைத் தள்ளி வைத்துவிட்டு நாள்காட்டியை எடுங்கள்.

சித்திரை, வைகாசி. ஊர்த் திருவிழாக்கள், தேரோட்டம், காதுகுத்து, முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். மாதா கோவில் கொடியேற்றங்களும் இந்த மாதத்தில் உண்டு. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் இல்லை. வட மாவட்டங்களில் நான் வேலை செய்யும் காலனிகளில் பேண்டு செட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு மாதங்களில்தான் வருகிறது. பள்ளி மூடியதும் பையன்கள் அப்பாவோடும் சித்தப்பாவோடும் கிளம்பிவிடுவார்கள். மூத்தவன் டிரம்பெட் ஊதுவான், அடுத்தவன் சைடு டிரம் அடிப்பான், சின்னவன் தாளக்கட்டை வைத்துக்கொண்டு பின்னால் நடப்பான். ஜூனில் பாலிடெக்னிக்கில் சேரக் கட்ட வேண்டிய பணம், தங்கையின் நோட்டுப் புத்தகச் செலவு, மழைக்கு முன் கூரை மாற்றும் செலவு எல்லாம் மே மாத முகூர்த்தங்களிலிருந்துதான் வர வேண்டும்.

இசையோடு பிறந்து இசையால் சோறு தின்னும் பிள்ளைகள் இவர்கள். இசைப் பயிற்சி முகாமுக்கு மிகப் பொருத்தமானவர்கள். அவர்களுக்கு ஆண்டிலேயே ஓய்வு இல்லாத மாதத்தில்தான் முகாம் நடக்கிறது. கட்டணம் இலவசம் என்கிறார்கள். அந்த மாதம் இலவசம் இல்லை. மூன்று வாரம் ஒரு பையன் முகாமில் உட்கார்ந்தால் அவன் வீட்டில் மூன்று வாரக் கூலி போகிறது. பேண்டு செட்டில் ஓர் ஆள் குறைந்தால் அந்த இடத்துக்கு வெளியாளுக்குக் கூலி கொடுத்துக் கூட்டிவர வேண்டும், அது இன்னொரு செலவு. இதை எந்த ஏற்பாட்டாளரும் வேண்டுமென்றே செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குக் கோடை என்றால் விடுமுறை. அந்த விடுமுறை எல்லார் வீட்டிலும் இல்லை என்பது தோன்றவே இல்லை. சாதி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது, யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்லாமலே.

இலவசமாக நடத்துவது எவ்வளவு தூரம் உதவும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் நமக்குப் பாடம். நியூயார்க்கின் கார்னகி ஹால் 2013இல் நாடு முழுவதற்குமான இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றைத் தொடங்கியது. ஒவ்வொரு கோடையிலும் 16 முதல் 19 வயதுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துத் தங்க வைத்துப் பயிற்சி கொடுத்து, பிறகு சுற்றுப்பயணம் அழைத்துப் போகிறார்கள். பயிற்சி, தங்குமிடம், பயணம் எதற்கும் பணம் வாங்குவதில்லை. இருந்தும் மூன்று ஆண்டுகள் கழித்து 2016இல் 14 முதல் 17 வயதினருக்கு இன்னொரு குழுவை ஆரம்பித்தார்கள். ஆர்க்கெஸ்ட்ரா உலகத்தில் இடமே கிடைக்காத சமூகங்களின் பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று. 2018இல் ஜாஸ் இசைக்கென்று மூன்றாவது குழு வந்தது. கறுப்பின மக்கள் உருவாக்கிய ஜாஸுக்கு 'துணை நிகழ்ச்சி' என்று ஒரு மூலையை ஒதுக்காமல் தனிக் குழு, தனிப் பயிற்சி, தனிச் சுற்றுப்பயணம் என்று கொடுத்தது கவனிக்க வேண்டியது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, போய் அழைத்து வர வேண்டும் என்று அவர்களே உணர்ந்ததாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

அதே நாட்டில் தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ராக்களில் கறுப்பினக் கலைஞர்களின் பங்கு 2014இல் 2 விழுக்காடுகூட இல்லை. மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 13 விழுக்காடு. 1970களிலிருந்து அங்கே பல ஆர்க்கெஸ்ட்ராக்களில் திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். யார் வாசிக்கிறார் என்று நடுவருக்குத் தெரியாது. இதைவிட நேர்மையான தேர்வு உண்டா என்று தோன்றும். பெண்களின் எண்ணிக்கை அதன் பிறகு கணிசமாக உயர்ந்தது உண்மை. கறுப்பினக் கலைஞர்களின் எண்ணிக்கை அப்படி உயரவில்லை. ஏனென்றால் திரை முகத்தை மறைக்கும். ஆறு வயதில் யார் வீட்டில் வயலின் இருந்தது, யாருக்குப் பத்து ஆண்டு தனி ஆசிரியர் இருந்தார், எந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்ய ஓர் அறை இருந்தது என்பவற்றை அது மறைக்காது. பண்பாட்டு மூலதனம் என்று சமூகவியலில் பியர் பூர்தியு சொன்னது இதைத்தான். இடஒதுக்கீட்டை எதிர்த்து 'மெரிட்' பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டால், தோழர்களே, இந்தத் திரையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊர் முகாம்களின் தேர்வுக்கு வருவோம். கிளாரினெட் வாசிக்கும் ஒரு பையனை இப்படி ஒரு தேர்வுக்கு அழைத்துப் போயிருந்தேன். பதினேழு வயது. ஐந்தாம் வகுப்பிலிருந்து மாமாவின் பேண்டு செட்டில் இருக்கிறான். பாடகர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் அரை நிமிடத்தில் பிடித்துக்கொள்வான். ஐந்து கோடு போட்ட தாளை முன்னால் வைத்தார்கள். அவன் அதைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்டை சார்?" என்று கேட்டான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். 'பாவம்' என்கிற சிரிப்பு, அது இன்னும் மோசம். பிறகு கிரேடு சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். கடைசியில் ஒருவர் மிகுந்த அன்போடு சொன்னார்: "ஃபோக் செக்‌ஷன் ஒண்ணு வெச்சிருக்கோம். நீ பறை வாசிக்கலாமே தம்பி."

அவன் பறையைத் தொட்டதே இல்லை. திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னான்: "எங்க தாத்தா அதை விட்டுட்டுத்தான்க்கா கிளாரினெட்ட எடுத்தாரு. இவங்க திரும்ப அதையே எடுன்றாங்க."

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பறை நமக்கு விடுதலையின் குரல். வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையோடு ஆடிய ஆட்டம் ஒரு தலைமுறையின் கூச்சத்தையே உடைத்தது. ஆனால் அதே பறை, சாவு வீட்டில் கூலியில்லாமல் அடித்தே தீர வேண்டிய ஊர் அடிமை வேலையாகவும் இருந்தது. இனி அடிக்க மாட்டோம் என்று அதைத் தூக்கி எறிந்த ஊர்களும், அதற்காக அடிவாங்கிய ஊர்களும் நம் வரலாற்றில் உண்டு. எடுத்தவர்களும் போராளிகள், எறிந்தவர்களும் போராளிகள். அந்தப் பையனின் தாத்தா எறிந்தவர். எடுப்பதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. தலித் பையன் உள்ளே வந்தாலே பறையைக் கையில் திணிக்கிற அன்பு, பிறப்பை வைத்துத் தொழிலைத் தீர்மானிக்கிற பழைய வழக்கத்தின் புதுச் சட்டைதான்.

கட்டைக் கணக்கு என்பது குறைவான அறிவு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டை, இரண்டரைக் கட்டை, ஐந்து கட்டை என்று தமிழ்நாட்டுக் கலைஞர்கள் சுருதியைக் குறிக்கும் முறை அது. கர்நாடக வித்வான்களும் அதைத்தான் சொல்கிறார்கள், அவர்கள் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. கல்யாண ஊர்வலத்தில் நடந்துகொண்டே, ஒத்திகை இல்லாமல், கேட்கும் பாட்டை உடனுக்குடன் வாசிப்பவனின் காதைச் சோதிக்க இந்தத் தேர்வில் ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. தாளைப் பார்த்து வாசிக்கத் தெரியாதவனுக்கு அதைச் சில மாதங்களில் கற்றுக் கொடுத்துவிடலாம். காது இல்லாதவனுக்கு அவ்வளவு சீக்கிரம் கற்றுக் கொடுக்க முடியாது. ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தாள் படிப்பது தேவை, மறுக்கவில்லை. அது முகாமின் முதல் வாரப் பாடமாக இருக்க வேண்டும், வாசலில் நிற்கும் காவலாளியாக அல்ல.

'இரண்டு மரபுகளும் வேறு வேறு, ஒட்டாது' என்று ஒரு வாதம் அடிக்கடி வருகிறது. வயலினைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடமிருந்து வயலின் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை வாசித்தார். பாலுசுவாமியின் அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் போட்டார், அவற்றை நோட்டுஸ்வர சாகித்யம் என்று இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். கடல் கடந்து வந்த கருவி சில பத்தாண்டுகளில் சபை மேடையில் பாடகரின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. பிறகு சாக்சபோன் வந்தது, மாண்டலின் வந்தது. எதுவும் ஒட்டாமல் போகவில்லை. தெருக்கோடியிலிருந்து வர வேண்டிய கருவிக்கு மட்டும் இருநூறு ஆண்டு போதவில்லை. தூரம் இங்கே மைலில் அளக்கப்படுவதில்லை.

மேடையில் வாசிக்கும் மிருதங்கத்தின் தோல் மாட்டிலிருந்தும் ஆட்டிலிருந்தும் வருகிறது. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து கொடுக்கும் குடும்பங்களில் பலர் தலித் கிறித்தவர்கள். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டு விழாவுக்கு 2020இல் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். கருவி உள்ளே போகலாம். செய்தவரின் கதை உள்ளே போகக் கூடாது. அரசும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் முழுநேரப் பாடங்கள் குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகிய ஏழு. இந்த ஏழில் வயலின் இருக்கிறது. பறை இல்லை, பேண்டு வாத்தியமும் இல்லை.

இனி, நம் இசைக்கு இடம் கொடுத்த மேடைகளைப் பார்ப்போம். பெரும்பாலும் கதை ஒன்றுதான். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கடைசி ஐந்து நிமிடம் பறை வரும். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும், எல்லாரும் செல்பேசியில் படம் எடுப்பார்கள். அந்த ஐந்து நிமிட இசையை யார் எழுதினார்? பறை எங்கே வர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்? பறை வாசிப்பவர் மூன்று வார ஒத்திகையில் இருந்தாரா, கடைசி இரண்டு நாளுக்கு வரச் சொன்னார்களா? அவருக்கு என்ன கூலி? நிகழ்ச்சி நிரலில் வயலின் வாசித்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும்போது அவர் பெயர் இருக்கிறதா, 'குழுவினர்' என்று இருக்கிறதா? தோல் பறையைத் தீயில் காய்ச்சினால்தான் ஒலி எழும். குளிரூட்டிய அரங்கில் தோல் தளர்ந்துவிடும். ஒத்திகை தொடங்கும் முன் வயலின்களுக்குச் சுருதி சேர்க்க எல்லாரும் அமைதியாகக் காத்திருக்கிறார்கள். பறை காய்ச்சக் கொல்லைப்புறத்தில் ஓரிடம் கேட்டால் பாதுகாப்பு விதி பேசுகிறார்கள். அதனால் ஃபைபர் பறையை வாங்கி வைத்துவிடுகிறார்கள். சின்ன விஷயம்தான். யாருடைய கருவியின் தேவையை ஒட்டி ஒத்திகை வகுக்கப்படுகிறது என்பது இந்தச் சின்ன விஷயத்தில் தெரிந்துவிடுகிறது.

வேறு மாதிரியும் செய்ய முடியும். 2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானா, பறை, சட்டி, ராக், ராப் எல்லாம் இருந்தன. கானாதான் அங்கே நடுவில் நின்றது, கிடார் அதைச் சுற்றி வந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு – நாம் அறிந்த பறட்டை அண்ணன் – வழிபாட்டுக்குள் நாட்டுப்புற இசையையும் பறையையும் கொண்டுவந்தார். படித்தவர் பாட, மற்றவர் கேட்கும் பாட்டு அவருக்கு வேண்டாம். பாடுகிற மக்களே தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் பாட்டு வேண்டும். அங்கே பயிற்சி பெற்ற போதகர்கள் வழியாக அந்தப் பாட்டுகள் கிராமங்களுக்குப் போயின. 'எல்லா இசையும் ஒரே மேடையில்' என்று அச்சடிக்கிறவர்கள் இந்த இரண்டு அனுபவங்களையும் படிக்க வேண்டும்.

'நமக்கு எதற்கு ஐரோப்பியர் ஆர்க்கெஸ்ட்ரா?' என்று கேட்கும் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துத் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். இளையராஜா தன்னை நம் அடையாளத்துக்குள் வைத்துப் பேச விரும்புவதில்லை, அது அவர் உரிமை. ஆனால் அந்தத் தாளில் எழுதும் கலை ஒரு சாதியின் மூளைக்கு மட்டும் வாய்த்ததல்ல என்பதற்கு இனி யாரும் சான்று கேட்க முடியாது. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக மேற்கத்தியக் கருவிகளைக் கற்றுக் கொடுக்கிறது. மூன்று வாரத்தில் முடிந்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் நடக்கும் பயிற்சி அது. ஒன்று இருக்கும் இடத்தில் முப்பது இருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

வெனிசுலாவில் 1975இல் ஓசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டெமாவைப் பலரும் புகழ்வார்கள். நானும் ஓரளவு புகழ்வேன். பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் தொடர்ந்து வருவார்கள், கருவியைத் திட்டமே கொடுக்கும், அரசு பணம் தரும். குஸ்தாவோ துதாமெல் அதில் வளர்ந்தவர். ஆனால் இங்கிலாந்து ஆய்வாளர் ஜெஃப்ரி பேக்கர் 2014இல் எழுதிய நூல், அங்கே ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் கேள்வி கேட்காத கீழ்ப்படிதல்தான் ஒழுக்கம் என்று பழக்கப்படுவதையும் கடுமையாக விமர்சித்தது. நமக்கு இது முக்கியம். ஆர்க்கெஸ்ட்ரா என்பதே படிநிலை உள்ள அமைப்பு. முதல் நாற்காலி, இரண்டாம் நாற்காலி, கடைசி வரிசை. படிநிலை என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே போகும் நம் பிள்ளைகள் கடைசி வரிசையில் நன்றியோடு உட்காரப் போகக் கூடாது.

இந்த ஆண்டு நாம் செய்யக்கூடியது ஒன்று கண்முன்னே இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகள் மே மாதம் மூடிக் கிடக்கின்றன. கட்டடம் இருக்கிறது, சமையல்கூடம் இருக்கிறது, கூடம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு விடுதியைத் தங்கிப் பயிலும் இசை முகாமுக்குக் கேட்கலாம். முகாமில் சேரும் பிள்ளைக்கு அந்த நாட்களுக்கான கூலிக்கு ஈடாக உதவித்தொகை கேட்கலாம். தாட்கோ ஏற்கெனவே தங்குமிடத்தோடு பல திறன் பயிற்சிகளை நடத்துகிறது, இசைக்கும் ஒலிப்பதிவுக்கும் அதில் இடம் கேட்பது புதுமையல்ல. 2024இல் வந்த பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின்கீழ் ஒதுக்கும் பணத்தில் இதைச் செய்ய முடியாதா என்று ஒரு மனு போடலாம். மே மாதமே ஒத்துவராத ஊர்களில் ஆடியில் வார இறுதி வகுப்பாக வைக்கச் சொல்லலாம், பேண்டு செட்டுக்கு வேலை குறைவான மாதம் அது. பயிற்சி முடிந்ததும் கருவியைத் திரும்ப வாங்கிவிட்டால் அடுத்த மாதமே எல்லாம் மறந்துபோகும். ஓராண்டு கருவி பிள்ளையிடம் இருக்க வேண்டும், மீரட்டில் செய்யும் கருவியாக இருந்தாலும் பரவாயில்லை. தாள் படிக்கக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியருக்குத் தரும் அதே ஊதியத்தை, காதால் வாசிக்கக் கற்றுக் கொடுக்கும் பேண்டு மாஸ்டருக்கும் தர வேண்டும்.

தனியார் முகாம் நடத்துகிறவர்களிடமும் பேசுங்கள், சண்டைக்குப் போகாமல். தேதி யாரைக் கேட்டு வைத்தீர்கள், காதைச் சோதிக்கும் தேர்வு உண்டா, எந்தப் பிள்ளை எந்தக் கருவி எடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று மூன்று கேள்வி போதும். கல்லூரியில் படிக்கும் தோழர்கள் உங்கள் ஊர் பேண்டு செட்டுகளின் மே மாத வேலை நாட்களைக் குறித்து வையுங்கள். எந்த ஊர், எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், எந்தக் கருவி என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். மனுவோடு அந்தக் கணக்கு போக வேண்டும். விடுதி ஒதுக்கீட்டுக்கான கோரிக்கையைப் பிப்ரவரிக்குள் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும், ஏப்ரலில் கொடுத்தால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்றுதான் பதில் வரும்.